எரிந்த நகரில் எது மரபு?

1789 ஜூலை 17. பாரிஸில் பாஸ்டில் சிறை வீழ்ந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. ஐரோப்பாவின் வடகோடியில், சில வீடுகளும் வணிகக் கிடங்குகளுமாகக் கிடந்த ஹம்மர்பெஸ்ட் என்ற சிற்றூருக்கு அன்று நகர உரிமை கிடைத்தது. கிழக்கே இருந்த வார்டோவுக்கும் அதே நாளில் அதே உரிமை. பட்டயம் வந்தது கோபன்ஹேகனிலிருந்து. டென்மார்க், நார்வே இரண்டையும் ஒருசேர ஆண்ட மன்னர் ஏழாம் கிறிஸ்தியானின் பெயரில். அந்த மன்னரின் கொடிதான் அப்போது சோழமண்டலக் கடற்கரையிலும் பறந்துகொண்டிருந்தது. தரங்கம்பாடியின் ஆளுநராக இருந்த பீட்டர் ஆங்கர் பிறப்பால் நார்வேக்காரர். 1788 முதல் 1806 வரை அந்தப் பொறுப்பில் இருந்த அவர் தென்னிந்தியக் கோயில்களை ஆர்வத்தோடு வரைந்தார். அந்தப் படங்கள் இன்று ஓஸ்லோவில் பாதுகாக்கப்படுகின்றன.

ஒரே அரசின் கீழ் இருந்த இரண்டு துறைமுகங்கள். இன்று அவற்றின் நிலை ஒன்றுக்கொன்று நேர்மாறு. தரங்கம்பாடியை டேனிஷ்காரர்கள் 1845-இல் ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போய்விட்டார்கள், கட்டடங்கள் இருக்கின்றன. 1620-இல் எழுந்த டான்ஸ்போர்க் கோட்டை, 1701-இன் சீயோன் தேவாலயம், 1718-இன் புதிய எருசலேம் தேவாலயம், 1792-இல் கட்டிய ஊர் நுழைவாயில் எல்லாவற்றையும் ஒரு மாலைப் பொழுதில் நடந்தே பார்த்துவிடலாம். ஹம்மர்பெஸ்ட்டில் மக்கள் இருக்கிறார்கள், துறைமுகம் இருக்கிறது, மீனும் எரிவாயுவும் கப்பல் ஏறுகின்றன. 1945 பிப்ரவரிக்கு முன் கட்டியதில் மிஞ்சியிருப்பதோ ஒரே ஒரு சிறிய கட்டடம். பழைய கட்டடங்களே இல்லாத ஒரு பழைய நகரத்தில் எதை மரபுச் சின்னம் என்று காட்டுவது, அது யாருடைய மரபு என்ற கேள்விக்கு ஹம்மர்பெஸ்ட்டைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது கடினம்.

ஊர் இருக்கும் இடத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். வட அட்சரேகை 70 பாகை 39 கலை. நார்வேயின் பின்மார்க் பகுதியில், க்வாலோயா என்ற தீவின் மேற்குக் கரையில், செங்குத்தான சாலன் குன்றுக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் குறுகிய நிலத்தில் ஊர் அமர்ந்திருக்கிறது. மே நடுவிலிருந்து ஜூலைக் கடைசி வரை சூரியன் மறைவதில்லை. நவம்பர் பிற்பகுதியிலிருந்து ஜனவரி பிற்பகுதி வரை உதிப்பதில்லை. இவ்வளவு வடக்கே இருந்தும் அட்லாண்டிக்கின் வெப்ப நீரோட்டத்தால் துறைமுகம் உறைவதில்லை. அந்த ஒரு காரணத்தால்தான் ஊரே உண்டானது. இன்று நகராட்சி எல்லைக்குள் இருப்பவர்கள் ஏறத்தாழ 11,000 பேர். உலகின் மிக வடக்கு நகரம் என்ற பட்டத்துக்காக அருகிலுள்ள ஹானிங்ஸ்வோக்குடன் ஒரு நீண்ட போட்டியும் உண்டு. சுற்றுலாத் துறைக்கு அது முக்கியமாக இருக்கலாம். வரலாற்றைத் தேடி வருபவருக்கு அதில் பெரிதாக ஒன்றுமில்லை.

நகர உரிமை ஏன் 1789-இல் வந்தது? பின்மார்க்கின் மீன் வணிகம் தலைமுறை தலைமுறையாக பெர்கன், கோபன்ஹேகன் வணிகர்களின் ஏகபோகமாக இருந்தது. மீனுக்கு விலை வைப்பதும் அவர்களே, மாவுக்கு விலை வைப்பதும் அவர்களே. கடற்கரை மக்கள் கடனிலேயே பிறந்து கடனிலேயே இறந்தார்கள். 1787-இல் அரசு அந்த ஏகபோகத்தைக் கைவிட முடிவெடுத்தது. 1789-இல் வணிகம் திறந்துவிடப்பட்டது. புதிய வணிகத்துக்கு மையங்கள் தேவைப்பட்டன. வெண்கடல் பக்கத்திலிருந்து ரஷ்யப் படகுகள் கம்பு மாவு ஏற்றிவந்து கோடையில் பிடித்த மீனை மாற்றிக்கொண்டு போயின. போமோர் வணிகம் என்று பெயர் பெற்ற இந்தப் பண்டமாற்று 1917 ரஷ்யப் புரட்சி வரை பின்மார்க்குக்குச் சோறு போட்டது என்று சொல்வது மிகையாகாது.

ஹம்மர்பெஸ்ட்டைக் குடியேற்றக்கால நகரம் என்று சொல்லலாமா என்பதில் நார்வேக்காரர்கள் பலருக்குத் தயக்கம் இருக்கும். தங்கள் நாடே 1814 வரை கோபன்ஹேகனிலிருந்து ஆளப்பட்டது, பிறகு 1905 வரை ஸ்வீடன் மன்னரின் கீழ் இருந்தது என்பார்கள். அது உண்மைதான். ஆனால் இந்தக் கரையில் நார்வேஜியர் வருவதற்கு முன்பே கடலையும் கலைமானையும் நம்பி வாழ்ந்த ஸாமி மக்களின் பக்கம் நின்று பார்த்தால் கதை வேறு. அரசு வடக்கே வந்தபோது கூடவே வரியும் தேவாலயமும் வந்தன, பின்னர் பள்ளிக்கூடமும் வந்தது.

இங்கே தரங்கம்பாடியுடன் இன்னொரு தொடர்பு வெளிப்படுகிறது. இது மேலோட்டமான ஒற்றுமை இல்லை. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மறைப்பணியாளர் சீகன்பால்குவை அனுப்பியவர் மன்னர் நான்காம் பிரடெரிக். 1714-இல் அதே மன்னர் கோபன்ஹேகனில் ஒரு மறைப்பணிக் கல்லூரியை நிறுவினார். பாடம் நடத்தும் கல்லூரி அல்ல அது. மறைப்பணிகளை மேற்பார்வையிடும் அரசுக் குழு. தரங்கம்பாடி மறைப்பணியும், 1716 முதல் தோமாஸ் வோன் வெஸ்டன் பின்மார்க்கில் ஸாமி மக்களிடையே தொடங்கிய மறைப்பணியும் அந்த ஒரே குழுவின் கீழ்தான் நடந்தன. ஒரே மேசையில் தமிழர் பற்றிய கடிதமும் ஸாமியர் பற்றிய கடிதமும் வந்து சேர்ந்தன. இரண்டு இடங்களிலும் தொடக்கக்கால மறைப்பணியாளர்கள் உள்ளூர் மொழியைக் கற்பதையே வழியாகக் கொண்டார்கள். அதற்குப் பிறகு பாதைகள் பிரிந்தன. தமிழுக்கு அச்சுக்கூடம் வந்தது. 1715-க்குள் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகிவிட்டது. ஸாமி மொழிக்கோ 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து பள்ளிகளில் கதவு மெல்லச் சாத்தப்பட்டது. நார்வேஜியராக்கும் கொள்கை நூறாண்டுக்கு மேல் நீடித்தது. ஸாமி நாடாளுமன்றம் காரஷோக்கில் முதன்முறை கூடியது 1989-இல், அதாவது ஹம்மர்பெஸ்ட் பட்டயம் பெற்று இருநூறு ஆண்டுகள் கழித்து. ஹம்மர்பெஸ்ட்டின் மரபுச் சின்னங்களைப் பட்டியலிடும் எவரும் இந்த இடைவெளியை மனத்தில் வைத்தே பட்டியலைப் படிக்க வேண்டும்.

1807-இல் ஆங்கிலேயர் கோபன்ஹேகன்மீது குண்டு பொழிந்து டேனிஷ் கப்பற்படையைக் கைப்பற்றினார்கள். டென்மார்க்-நார்வே நெப்போலியனின் பக்கம் போனது. அதன் விளைவு உலகின் இரண்டு முனைகளிலும் தெரிந்தது. 1808-இல் ஆங்கிலேயர் தரங்கம்பாடியைப் பிடித்து 1815 வரை வைத்திருந்தார்கள். 1809 ஜூலையில் ‘ஸ்நேக்’, ‘ஃபேன்சி’ என்ற இரண்டு ஆங்கிலப் போர்க்கப்பல்கள் ஹம்மர்பெஸ்ட் துறைமுகத்துக்குள் நுழைந்தன. ஊரில் இருந்தவை சில சிறு பீரங்கிகள், இயக்கியவர்கள் உள்ளூர்க்காரர்கள். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம், வெடிமருந்து தீரும்வரை சுட்டார்கள். பிறகு மக்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். ஆங்கில மாலுமிகள் எட்டு நாள் தங்கிக் கொள்ளையடித்தார்கள்; தேவாலயத்து வெள்ளிப் பாத்திரங்களும் காணிக்கைப் பெட்டியும்கூடத் தப்பவில்லை. அந்த அனுபவத்துக்குப் பிறகு புக்லெனெஸ் முனையில் எழுந்த ‘ஸ்கான்சென்’ என்ற அரண்மேட்டின் தடம் இன்றும் இருக்கிறது. தரங்கம்பாடிக் கோட்டையோடு அதை ஒப்பிட்டால் கண்ணுக்கு ஏமாற்றம்தான். ஆனால் ஒரே போரின் இரண்டு விளிம்புகளில் நின்றவை இவை.

அதே புக்லெனெஸ் முனையில்தான் ஹம்மர்பெஸ்ட்டின் மிகப் பெயர்பெற்ற சின்னமும் நிற்கிறது. உச்சியில் ஓர் உலக உருண்டையைத் தாங்கிய கருங்கல் தூண். 1854-இல் நிறுவப்பட்டது. 2005-இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்த ‘ஸ்ட்ரூவ புவியளவை வில்’ என்ற தொடரின் வடமுனை இதுதான். தென்முனை கருங்கடலுக்கு அருகே, உக்ரைனில் இருக்கிறது. இடைப்பட்ட நீளம் 2,820 கிலோமீட்டர். இன்றைய எல்லைக் கோடுகளின்படி அந்த வில் பத்து நாடுகளைக் கடக்கிறது.

இது என்ன வேலை என்பதைக் கொஞ்சம் நின்று பார்ப்பது தகும். பூமி சரியான உருண்டையா, துருவங்களில் தட்டையா, தட்டை என்றால் எவ்வளவு? இதைக் கண்டறிய வடக்கு-தெற்காக ஒரு நீண்ட கோட்டை அளக்க வேண்டும். மலையும் ஏரியும் காடும் குறுக்கிடும் நிலத்தில் சங்கிலி பிடித்து அளக்க முடியாது. அதனால் சமவெளியில் ஓர் அடிக்கோட்டை மட்டும் மிகத் துல்லியமாக அளந்துவிட்டு, அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவில் தெரியும் ஒரு குன்றுக்குக் கோணம் எடுப்பார்கள். கோணம் தெரிந்தால் முக்கோணத்தின் மற்றப் பக்கங்கள் கணக்கில் கிடைத்துவிடும். அந்தப் பக்கத்தை அடியாக வைத்து அடுத்த முக்கோணம். இப்படி 258 முக்கோணங்கள். ஜெர்மனியில் பிறந்து ரஷ்யப் பேரரசில் பணியாற்றிய வானியலாளர் பிரெடெரிக் ஜார்ஜ் வில்ஹெல்ம் ஸ்ட்ரூவவின் தலைமையில் 1816-இல் தொடங்கிய பணி 1850-களில் முடிந்தது. நார்வேப் பகுதியை நார்வே இராணுவ அதிகாரிகளே அளந்தார்கள். மன்னர்களும் பேரரசர்களும் மாறினார்கள், முக்கோணங்கள் தொடர்ந்தன.

தமிழ் வாசகருக்கு இதில் அந்நியமாக ஒன்றுமில்லை. 1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலையை ஒட்டி வில்லியம் லாம்டன் இதே போன்ற ஓர் அடிக்கோட்டை அளந்து தொடங்கியதுதான் இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவை. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மீது ஏற்றும்போது அவரது அரை டன் எடையுள்ள கோணமானி மோதிச் சேதமடைந்த கதை பலருக்குத் தெரியும். குமரிமுனையிலிருந்து இமயம் நோக்கிப் போன அந்த வில்லும் ஹம்மர்பெஸ்ட்டில் முடிந்த வில்லும் ஒரே கேள்விக்கு இரண்டு திசைகளிலிருந்து எழுதிய விடைகள்.

ஊசல் சோதனைகள் இதைவிட நெருக்கமான உறவு. துருவத்தை நெருங்க நெருங்க ஈர்ப்பு கூடும். ஊசல் வேகமாக ஆடும். எங்கே எவ்வளவு வேகம் என்று அறிந்தால் பூமியின் வடிவத்தைக் கணிக்கலாம். 1821-இல் சென்னை வானியல் ஆய்வுக்கூடத்தில் ஜான் கோல்டிங்ஹாம் ஊசலை ஆட்டி எண்ணினார். 1823 கோடையில் எட்வர்ட் சபைன் ‘கிரைப்பர்’ என்ற கப்பலில் ஊசலோடு ஹம்மர்பெஸ்ட் வந்து இறங்கினார். கணக்குப்படி, சென்னையில் சரியாக ஓடும் ஒரு விநாடி ஊசல் ஹம்மர்பெஸ்ட்டில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 190 வீச்சு கூடுதலாக ஆடும். நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் 1792-ஐச் சேர்ந்த ஒரு கருங்கல் தூண் நிற்கிறது, தமிழும் பொறித்தது. பழைய ஆய்வுக்கூடத்தின் அடையாளம் அது. அதையும் புக்லெனெஸ் தூணையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும் ஒரு தமிழருக்கு 19-ஆம் நூற்றாண்டு அறிவியலின் முழு நீளமும் புரிந்துவிடும். சென்னையில் அந்தத் தூணைத் தேடிப் போய்ப் பார்ப்பவர்கள் மிகச் சிலர் என்பது வருத்தம். ஹம்மர்பெஸ்ட்டில் கப்பலில் வரும் பயணிகள் எல்லோரும் தங்கள் தூணுக்கு முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி இந்த ஊருக்கு இழப்பும் பெருமையும் கலந்து வந்த காலம். 1856-இல் ஒரு சூறாவளி ஊரைக் குலைத்தது. 1890-இல் ஒரு தீ ஏறக்குறைய பாதி ஊரை விழுங்கியது. பல நாடுகளிலிருந்து உதவி வந்தது. தனி ஒருவராகப் பெருந்தொகை கொடுத்தவர் ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம். மறு ஆண்டே, 1891-இல், ஹம்மர்பெஸ்ட்டின் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது. நகராட்சியே மின்சாரத் தெருவிளக்கு போட்ட முதல் வட ஐரோப்பிய ஊர் என்று இன்றும் சொல்லிக்கொள்கிறார்கள். இரண்டு மாதம் சூரியனே வராத ஊரில் அந்தப் பெருமைக்கு ஓர் அர்த்தம் இருக்கிறது. 1893-இல் ‘வெஸ்டரோலன்’ என்ற நீராவிக்கப்பல் டிரோன்ஹெய்மிலிருந்து புறப்பட்டு இங்கே வந்து சேர்ந்தது; நார்வேயின் புகழ்பெற்ற கரையோரக் கப்பல் சேவையின் முதல் பயணம் அது. 1896 ஆகஸ்டில் துருவ ஆய்வாளர் நான்சென், மூன்றாண்டு ஆர்க்டிக் பயணம் முடிந்து, மனைவி ஏவாவை மீண்டும் சந்தித்தது இந்த ஊரில்தான்.

இவை நடந்த வீடுகளோ தெருமுகப்புகளோ எவையும் இன்று இல்லை.

1940-இல் ஜெர்மனி நார்வேயைப் பிடித்தது. ஹம்மர்பெஸ்ட் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குத் தளமானது. அதனால் சோவியத் விமானங்கள் 1944 பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் ஊரின்மீது குண்டு வீசின. அந்த ஆண்டு அக்டோபரில் செஞ்சேனை கிழக்கு பின்மார்க்குக்குள் நுழைந்தது. அக்டோபர் 28-இல் ஹிட்லரின் ஆணை வந்தது: மக்களைக் கட்டாயமாக வெளியேற்று, எதையும் மிச்சம் வைக்காதே. செயல்படுத்தியவர் தளபதி லோத்தர் ரெண்டுலிக். பின்மார்க்கிலும் வட டிரோம்ஸிலும் சுமார் 50,000 பேர் படகுகளில் தெற்கே ஏற்றப்பட்டார்கள். ஏறக்குறைய 25,000 பேர் போக மறுத்து, குகைகளிலும் மண்குடில்களிலும் கவிழ்த்த படகுகளின் அடியிலும் ஒளிந்து ஆர்க்டிக் குளிரைக் கடந்தார்கள். ஏறத்தாழ 11,000 வீடுகள், 106 பள்ளிகள், 27 தேவாலயங்கள், 21 மருத்துவமனைகள் அழிக்கப்பட்டன. தொலைபேசிக் கம்பங்கள்கூட வெட்டப்பட்டன. ஹம்மர்பெஸ்ட்டில் எரிப்பு வாரக்கணக்கில் நீண்டது. கடைசி ஜெர்மன் வீரர்கள் வெளியேறியது 1945 பிப்ரவரி 10-இல். அவர்கள் போனபோது நின்றது 1937-இல் கட்டிய இடுகாட்டுச் சிற்றாலயம் ஒன்று மட்டும்.

போர் முடிந்த பிறகு நியூரம்பெர்க்கில் ரெண்டுலிக் விசாரிக்கப்பட்டார். 1948-இல் தீர்ப்பு வந்தது. யுகோஸ்லாவியாவில் பிணைக்கைதிகளைக் கொன்றது போன்ற குற்றங்களுக்குத் தண்டனை உண்டு. பின்மார்க்கை எரித்த குற்றச்சாட்டில் விடுதலை. எதிரி துரத்துகிறான் என்று அந்த நேரத்தில் அவர் நேர்மையாக நம்பியிருந்தால், பின்னால் அது தேவையற்றது என்று தெரிந்தாலும் குற்றமில்லை என்றது நீதிமன்றம். போர்ச் சட்டம் படிப்பவர்கள் இன்றும் இந்தத் தீர்ப்பை ‘ரெண்டுலிக் விதி’ என்று மேற்கோள் காட்டுகிறார்கள். வீடு இழந்தவர்களுக்கு அது எப்படி ஒலித்திருக்கும் என்பதைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை, 1995 அக்டோபர் 30-இல் வலிகாமமே ஓரிரவில் பெயர்ந்ததை அறிந்தவர்கள் நாம்.

ஹம்மர்பெஸ்ட்டில் தப்பிய அந்தச் சிற்றாலயம் இன்றும் இடுகாட்டில் இருக்கிறது. கட்டடக்கலை நோக்கில் அதில் சொல்ல அதிகம் இல்லை: வெண்மையான, எளிய, சிறிய வழிபாட்டிடம். அதற்கு அருகே 1961-இல் திறந்த புதிய தேவாலயம் எழுந்தது. கட்டடக்கலைஞர் ஹான்ஸ் மாக்னுஸ். முன்னாலிருந்து பார்த்தால் தரையிலிருந்தே சாய்ந்து உச்சியில் கூடும் கூர்மையான முக்கோணம். இந்தக் கரையெங்கும் மீன் காயப்போடும் மரச்சட்டங்கள் இப்படித்தான் இருக்கும். இரண்டு கழிகளைச் சாய்த்துக் கட்டி, குறுக்குக் கழிகளில் கருவாட்டுக்கான மீனைத் தொங்கவிடுவார்கள். ஊரைக் காப்பாற்றிய பொருளின் வடிவத்தையே கோயிலுக்குக் கொடுத்தார் மாக்னுஸ். உள்ளே பலிபீடத்துக்குப் பின்னால் வழக்கமான ஓவியம் கிடையாது. முக்கோணச் சுவர் முழுவதும் யார்டார் லுண்டே அமைத்த வண்ணக் கண்ணாடி. கோடை இரவுகளில் வெளிச்சம் அதன் வழியாக நள்ளிரவிலும் உள்ளே விழும். 1950-களின் நவீனக் கட்டடக்கலையை மரபு என்று ஏற்கத் தயங்குபவர்கள் இந்தக் கட்டடத்துக்குள் சில நிமிடம் உட்கார்ந்துவிட்டு வர வேண்டும்.

புனித மிக்கேல் கத்தோலிக்க ஆலயத்தின் கதையும் இதோடு சேர்ந்தது. பழைய ஆலயம் போரில் அழிந்தது. 1958-இல் எழுந்த புதிய ஆலயத்தைக் கட்ட வந்தவர்களில் ஜெர்மன் தன்னார்வலர்கள் இருந்தார்கள். எரித்தவர்களின் நாட்டிலிருந்து, எரித்துப் பதின்மூன்றே ஆண்டுகளில், செங்கல் தூக்க வந்தவர்கள். 1890-இல் ஜெர்மன் பேரரசரின் பணத்தில் வீடு கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்களை எதிர்கொண்டார்கள்.

இவற்றைவிட முக்கியமானவை, ஆனால் யாரும் நின்று பார்க்காதவை, மறுகட்டுமான வீடுகள். 1945 கோடையிலேயே மக்கள் திரும்பத் தொடங்கினார்கள். தங்க இடமில்லை, குளிர்காலம் வரும், பொறுங்கள் என்றது அரசு. அவர்கள் கேட்கவில்லை. தகரம், எரிந்த பலகை, இராணுவம் விட்டுப்போன பொருள் எதுவானாலும் எடுத்துக் கூரை போட்டார்கள். பிறகு அரசின் திட்ட அலுவலகம் தெருக்களை வகுத்தது. 1946-இல் தொடங்கிய அரசு வீட்டுக்கடன் வங்கி கடன் கொடுத்தது. கட்டட வரைபடங்கள் ஒரே மாதிரியாக இருந்தன. கான்கிரீட் அடித்தளம், மரச்சுவர், சரிந்த ஓட்டுக் கூரை. கீழே அடுப்பறையும் கூடமும், மேலே கூரைச் சரிவுக்குள் படுக்கையறைகள். அலங்காரம் எதுவும் இல்லை. வண்ணம் மட்டும் வீட்டுக்கு வீடு மாறும். பணக்காரர் வீடும் மீனவர் வீடும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தன. 1960 வாக்கில் பணி பெரும்பாலும் முடிந்தது. இந்த வரலாற்றைச் சொல்வதற்கென்றே 1998-இல் ஹம்மர்பெஸ்ட்டில் மறுகட்டுமான அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. மன்னர்களின் வாளும் முடியும் வைக்கும் அருங்காட்சியகங்களுக்கு நடுவே, தற்காலிகக் குடிசையின் அடுப்பையும் அரசு வரைபடப்படி கட்டிய அடுப்பறையையும் காட்ட ஓர் இடம் உண்டாக்கியது இந்த ஊர் உலகுக்குக் கொடுத்த நல்ல யோசனை.

பழைய கட்டடம் இல்லாததால் ஹம்மர்பெஸ்ட்டில் மரபு இல்லை என்பது தவறான முடிவு. எரிந்த தெருவில் எண்பது ஆண்டுகளுக்கு முன் எழுந்த ஒரு பலகை வீட்டுக்கு, நானூறாண்டுக் கோட்டைச் சுவருக்குள்ள மதிப்பு உண்டு. ஆபத்தும் அதனால்தான்: கோட்டைச் சுவரை யாரும் இடிக்கத் துணிவதில்லை. பலகை வீட்டின் சன்னலை மாற்றுவதும், முகப்பில் புதுத் தகடு அடிப்பதும், நிலத்துக்காக இடித்துவிடுவதும் எளிது. தமிழ்நாட்டிலும் இதே கதைதான். தரங்கம்பாடிக் கோட்டைக்குச் செலவிடும் அக்கறை 2004 ஆழிப்பேரலைக்குப் பின் மீனவருக்காக எழுந்த குடியிருப்புகளை ஆவணப்படுத்துவதில் இல்லை.

இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். 1944-இல் எரிந்தவற்றில் கடலோர ஸாமி மக்களின் குடில்களும் படகுக் கொட்டகைகளும் இருந்தன. மறுபடி கட்டியபோது அரசு வரைபடத்தில் இருந்தது நார்வேஜிய வீடு. ஊர் முழுதும் ஒரே மாதிரி வீடு வந்தது சமத்துவம். அதே செயலில் ஸாமி வாழ்வின் கண்ணுக்குத் தெரியும் அடையாளம் கரையிலிருந்து மறைந்ததும் நடந்தது. நார்வே நாடாளுமன்றம் அமைத்த உண்மை, நல்லிணக்க ஆணையம் நார்வேஜியராக்கலின் விளைவுகளைப் பற்றி 2023-இல் விரிவான அறிக்கை தந்தது. மறுகட்டுமானத்தைக் கொண்டாடும் எந்த உரையிலும் இந்த இழப்புக்கும் இடம் இருக்க வேண்டும்.

ஊரின் மிகப் பழைய மரபு எங்கே இருக்கிறது என்று கேட்டால் எரிவாயு ஆலையைத்தான் காட்ட வேண்டும். துறைமுகத்துக்கு எதிரே இருக்கும் மெல்கோயா தீவில், ஸ்னோவிட் கடல்வயலிலிருந்து ஏறத்தாழ 140 கிலோமீட்டர் குழாய் வழியாக வரும் எரிவாயுவைக் குளிர்வித்துத் திரவமாக்கும் ஆலை 2007-இல் இயங்கத் தொடங்கியது. ஆலை கட்டுவதற்கு முன் 2001, 2002 ஆண்டுகளில் தொல்லியலாளர் அங்கே அகழ்ந்தபோது கற்காலக் குடியிருப்புகள் வரிசையாக வெளிப்பட்டன. பனி விலகிய காலத்தை ஒட்டி இந்தக் கரைக்கு வந்த மனிதர்களின் தடங்கள். பதிவு செய்தார்கள், கண்டெடுத்தவற்றை எடுத்துச் சென்றார்கள், பிறகு அந்த நிலத்தின்மீது ஆலை எழுந்தது. அதன் வரியால் பள்ளிகளும் கலை மையமும் வந்தன. ஆலையை மின்மயமாக்கும் திட்டத்துக்கு அரசு 2023-இல் அனுமதி தந்தது. மின்கம்பிகளும் காற்றாலைகளும் கலைமான் மேய்ச்சல் நிலத்தை விழுங்கும் என்று ஸாமி மேய்ப்பர்கள் எதிர்க்கிறார்கள். மரபுக்கும் பிழைப்புக்குமான வழக்கு இங்கே முடியவில்லை.

பனிக்கரடிச் சங்கத்தையும் விட்டுவிட முடியாது. 1963-இல் தொடங்கியது, நேரில் வந்தால் மட்டுமே உறுப்பினராகலாம். ஹம்மர்பெஸ்ட் வேட்டைக்காரர்கள் ஸ்வால்பார்டு வரை போன காலத்தின் நினைவுகளைக் காட்சிக்கு வைத்திருக்கிறது. பயணிகளுக்கு அதுதான் முதலில் கண்ணில் படும். ஊரின் கதையில் அது ஒரு சிறு பத்தி.

இந்தக் கதையில் தமிழருக்கும் ஒரு பத்தி உண்டு. அது இன்னும் சரியாக எழுதப்படவில்லை. யாழ்ப்பாணம் குருநகரைச் சேர்ந்த அந்தோனி ராஜேந்திரம் 1956-இல் நார்வே வந்தார். மீன்பிடித் தொழில் கற்றுக்கொண்டு அவர் தொடங்கிய சீ-நோர் திட்டம் 1960-களில் காரைநகருக்கு நார்வேயின் உதவியைக் கொண்டுவந்தது. அந்தப் பாதையில் மாணவர்கள் வந்தார்கள். 1983-க்குப் பிறகு, குறிப்பாக 1980-களின் பிற்பகுதியில், அகதிகள் வந்தார்கள். பலரை அரசு வடக்கு நகராட்சிகளுக்கு அனுப்பியது. பின்மார்க்கின் மீன் ஆலைகளுக்கு ஆள் தேவைப்பட்டது. போருக்குப் பின் ஹம்மர்பெஸ்ட்டை நிமிர்த்தியதே 1950-களில் வந்த உறைமீன் தொழில்தான். உள்ளூர் இளைஞர்கள் அந்த வேலையை விட்டுத் தெற்கே போகத் தொடங்கிய காலத்தில், பின்மார்க் ஆலைகளின் வெட்டும் மேசைகளில் தமிழர்கள் நின்றார்கள். ஈரமான தரை, ரப்பர் காலணி, உறைந்த மீனின் சில்லிப்பு, வெளியே இரண்டு மாத இருட்டு. சம்பளத்தில் ஒரு பங்கு யாழ்ப்பாணத்துக்குப் போனது.

பிறகு பெரும்பாலோர் ஓஸ்லோவுக்குப் பெயர்ந்தார்கள். கோயிலும் தமிழ்ப் பள்ளியும் அங்கேதான் வளர்ந்தன. யாழ்ப்பாணத்தில் பிறந்து மூன்று வயதில் நார்வே வந்த கம்ஷாஜினி குணரத்தினத்தின் குடும்பம் முதலில் வாழ்ந்தது ஹம்மர்பெஸ்ட்டில். அவர் 2015-இல் ஓஸ்லோவின் துணை மேயரானார், 2021-இல் நாடாளுமன்ற உறுப்பினரானார். நார்வே அரசியலில் தமிழரின் இடத்தைப் பற்றிப் பேசும்போது ஓஸ்லோவைச் சொல்கிறார்கள். அதற்கு முந்திய வடக்கு ஆண்டுகளை மறந்துவிடுகிறார்கள்.

1987-இல் இருபது வயதில் பின்மார்க் வந்து இறங்கியவருக்கு இன்று அறுபது நெருங்குகிறது. அவரிடம் அந்த நாள்களின் சம்பளச் சீட்டு இருக்கும், பனியில் எடுத்த படம் இருக்கும், வீட்டுக்கு எழுதிய கடிதத்தின் நகல் இருக்கும். ஆலையில் எந்த மேசையில் யார் நின்றார்கள், ஞாயிறுகளில் எந்த வீட்டில் கூடிச் சமைத்தார்கள், முதல் குளிர்காலத்தில் யார் கம்பளிச் சட்டை கொடுத்தார்கள் என்பது அவருக்கு நினைவிருக்கும். சாதாரண மக்களின் அடுப்பையும் பலகையையும் வரலாறாக ஏற்ற ஓர் அருங்காட்சியகம் ஹம்மர்பெஸ்ட்டிலேயே இருக்கிறது. ஓஸ்லோவின் தமிழ்ச் சங்கங்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு அந்தத் தலைமுறையிடம் போய், கிடைப்பதைத் தொகுத்து, அந்த அருங்காட்சியகத்தின் கதவைத் தட்டலாம்.